பெயரும் முகமும்: வத்திராயிருப்பு வட்டாரச் சுந்தரங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒருவருக்கு வைத்த பேர் அவருடைய மூக்கு, முழி, மீசை, நடை, கண்ணாடி முன் நிற்கும் நேரம் ஆகியவற்றைப் பாதிக்கிறதா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் களமாகக் கொள்ளப்பட்டன. டீக்கடை பெஞ்சு, முடிதிருத்தகம், நூறு நாள் வேலை நடந்த கண்மாய்க்கரை ஆகிய மூன்றும் ஆய்வுக்கூடங்களாகப் பயன்பட்டன. எந்த நிதிநல்கைக் குழுவும் இதற்கு நிதி நல்கவில்லை; டீச் செலவு முழுவதும் இவ்வாய்வாளருடையது. பேர் முகத்தைச் செய்கிறது என்பது பாதி உண்மை என்றும், மீதிப் பாதி கூப்பிடுகிறவர் வாயில் இருக்கிறது என்றும் இவ்வாய்வு நிறுவ முயல்கிறது.

1. ஆய்வுக் களம்

வத்திராயிருப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஊருக்கு மேற்கே மலை, மலைமேல் சதுரகிரி, சதுரகிரியில் சுந்தரமகாலிங்கமும் சந்தனமகாலிங்கமும். ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாக மலையேறும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, இந்த வட்டாரத்தில் ஏன் வீட்டுக்கொரு மகாலிங்கமும் தெருவுக்கொரு சுந்தரமும் இருக்கிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று ‘சுந்தரம்’ என்று ஒரு குரல் கொடுத்தால் டீ ஆற்றுகிறவர், டீ குடிக்கிறவர், டீக்குக் கடன் சொல்லிவிட்டு நழுவுகிறவர் மூவரும் திரும்பிப் பார்ப்பார்கள். போதாததற்குப் பக்கத்து ஊரின் பேரே சுந்தரபாண்டியம். பேரை வைத்துப் பார்த்தால் அழகு நீக்கமற நிறைந்திருக்க வேண்டிய வட்டாரம் இது. நிறைந்திருக்கிறதா என்பதே ஆய்வுச் சிக்கல்.

களத்துக்கு இன்னொரு தகுதியும் உண்டு. மனிதருக்கு இனிஷியல் இருப்பது உலக வழக்கு; இங்கே ஊர்களுக்கே இனிஷியல் இருக்கிறது. வ.புதுப்பட்டி, எஸ்.கொடிக்குளம். வத்திராயிருப்பை வெள்ளைக்காரன் ‘வாட்ராப்’ என்று எழுதிவைத்துவிட்டுப் போனதால், வ.புதுப்பட்டிக்குத் தமிழில் ஓர் இனிஷியல், இங்கிலீஷில் வேறோர் இனிஷியல். மாவட்டமும் சளைத்ததல்ல. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தபோது அதன் பேர் காமராஜர் மாவட்டம். 1997இல் விருதுநகர் மாவட்டம் ஆனது. பேர் மாறியதால் வெயில் குறைந்ததாகத் தகவல் இல்லை. ஆயினும், பேரை மாற்றிப் பார்ப்பதில் அனுபவமுள்ள மண் என்ற வகையில் இது ஆய்வுக்கு ஏற்ற மண்ணே.

2. முன்னோர் கண்டவை

பேர் வைப்பது பற்றிய முதல் கொள்கை விளக்கம் இதே வட்டாரத்தில்தான் எழுந்தது என்பதை, பேருக்கும் முகத்துக்கும் உள்ள உறவை அண்மையில் ஆராய்ந்த எருசலேம் அறிஞர்கள் கவனிக்கத் தவறிவிட்டனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் தம் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும் பிள்ளைகளுக்குப் பேரிடும் பிரச்சினைக்கே ஒதுக்கினார். காசுக்கும், கரைபோட்ட துணிக்கும், உச்சிக்கு வைக்கும் எண்ணெய்க்கும், சுட்டிக்கும் வளைக்கும் ஆசைப்பட்டு யார் யார் பேரையோ பிள்ளைக்கு வைக்கிற பெற்றோரை அதில் அவர் வெளுத்து வாங்குகிறார். நாராயணன் பேரை வையுங்கள், பெற்ற தாய் நரகத்துக்குப் போகமாட்டாள் என்பது அவர் தரும் உத்தரவாதம். கவனிக்க: பேரின் பலன் பிள்ளைக்கு அல்ல, தாய்க்கு. பிள்ளையின் மூக்கும் முழியும் எப்படி அமையும் என்று அவர் சொல்லவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே எருசலேம் வந்தது.

2017இல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யோனாட் ஸ்வெப்னரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவரின் படத்தைக் காட்டி, நாலைந்து பேரைக் கொடுத்து, இவற்றில் இவர் பேர் எது என்று கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் எத்தனை சரியாக வருமோ அதைவிட அதிகமாகச் சரியாக வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பிரெஞ்சு முகங்களுக்கும், இஸ்ரேலியர்கள் இஸ்ரேலிய முகங்களுக்கும் நன்றாகவே பேர் கண்டுபிடித்தார்கள். ஊர் மாற்றிக் கொடுத்தால் திணறினார்கள். ஏறத்தாழ 94,000 முகங்களைக் கணினிக்குக் காட்டிப் பழக்கியபோது அதுவும் 54 முதல் 64 சதவீதம் வரை சரியாகச் சொன்னது; வெறும் அதிர்ஷ்டமென்றால் 50தான் வந்திருக்கும். இதில் வேடிக்கை, முகத்தை மறைத்துத் தலைமுடியை மட்டும் காட்டினாலும் பேரைக் கண்டுபிடிக்க முடிந்தது.

2024இல் இதே குழு இன்னொரு கேள்வி கேட்டது. பேருக்குத் தக்க முகம் பிறக்கும்போதே வருகிறதா, பிறகு வருகிறதா? குழந்தைகளின் படங்களைக் காட்டியபோது யாராலும் பேர் சொல்ல முடியவில்லை. பெரியவர்களின் படங்களைக் காட்டியபோது முடிந்தது. குழந்தை முகத்தைக் கணினியில் மூப்பாக்கிப் பெரிய ஆளாக்கிக் காட்டியபோதும் முடியவில்லை. ஆக, முகம் பேரோடு பிறப்பதில்லை; பேரோடு வாழ்ந்து வாழ்ந்துதான் வருகிறது.

நம்மூர்ப் பெரியவர்களுக்கு இதெல்லாம் ஆய்வே அல்ல. டீக்கடைக்குப் புதிதாக வந்து உட்காருகிற பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “நீ மேலத்தெரு மகாலிங்கம் பேரனா?” என்று கேட்பார்கள். அவனும் ஆமாம் என்பான். கணினி 94,000 முகம் பார்த்தது. இவர்கள் பார்த்தது ஒரு தெருவின் மூன்று தலைமுறை.

3. கருதுகோள்கள்

கருதுகோள் ஒன்று: சுந்தரம் என்று பேர் வைத்தால் ஆள் அழகாக இருப்பார்.

கருதுகோள் இரண்டு: அழகாக இல்லாவிட்டாலும், இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

கருதுகோள் மூன்று: நினைத்துக்கொண்டே இருந்தால் நாளடைவில் கொஞ்சம் ஆகியும்விடுவார்.

முதலாவது பெற்றோர் கருத்து. மூன்றாவது எருசலேம் கருத்து. இரண்டாவது சுந்தரங்களின் மனைவிமார் கருத்து.

4. தரவுகள்

4.1 முடிதிருத்தகம்

முடியை வைத்தே பேரைச் சொல்லலாம் என்று எருசலேம் சொல்லிவிட்ட பிறகு, இவ்வாய்வாளர் நேரே முடிதிருத்தகத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்து தினத்தந்தியை விரித்துக்கொண்டார். முதலில் நாற்காலியில் ஏறியவர் ஒரு சுந்தரம். வயது ஐம்பதைத் தாண்டியவர். கிருதாவை எங்கே நிறுத்துவது என்பதற்கு மட்டும் மூன்று முறை ஆலோசனை நடந்தது. பின்னால் சின்னக் கண்ணாடி பிடிக்கச் சொல்லிப் பிடரியைப் பார்த்தார். இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார், மீசை நுனியை விரலால் நீவினார். இறங்கிப் போகும்போது வாசலில் நின்ற பைக்கின் கண்ணாடியையும் விட்டுவைக்கவில்லை. அடுத்து ஏறியவர் ஒரு மாடசாமி. துண்டைப் போர்த்தியதும் கண்ணை மூடினார். சிறிது நேரத்தில் குறட்டை. முடிந்ததும் தலையைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு, சுவர் முழுக்கக் கண்ணாடி இருந்தும் ஒன்றையும் ஏறிட்டுப் பார்க்காமல் வெளியேறினார்.

கருதுகோள் இரண்டு கண்முன்னே நிரூபணமானதாக இவ்வாய்வாளர் எழுதிக்கொண்டிருக்கையில், கத்தரியைத் தட்டிக்கொண்டே கடைக்காரர் குறுக்கிட்டார்:

“பேராவது ஒண்ணாவதுண்ணே. அவரு மகனுக்குச் சம்பந்தம் பேசப் போறாரு. இவரு வயக்காட்டுக்குப் போறாரு. அம்புட்டுதான்.”

தகவலாளியின் இக்கருத்து ஆய்வின் போக்குக்கு இடையூறாக இருப்பதால் அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டிருக்க வேண்டும். இதழில் அடிக்குறிப்புக்கு வசதி இல்லாததால் இங்கேயே இடம்பெற நேர்ந்தது.

4.2 வெள்ளைச்சாமிகளும் கருப்பசாமிகளும்

இவ்வட்டாரத்தில் வெள்ளைச்சாமி என்ற பேருக்கும் வெள்ளைத் தோலுக்கும் எந்த உடன்படிக்கையும் கிடையாது. காலையில் பிளவக்கல் வாய்க்கால் தண்ணீரை மடைதிருப்பக் கிளம்பினால் பொழுது சாயும்வரை வெயிலில் நிற்கிற மனிதருக்கு எந்தப் பேர் வைத்தால்தான் என்ன? கருப்பசாமிகளிலும் மாநிறக்காரர் உண்டு, சிவத்தவர் உண்டு. நிறத்தைப் பொறுத்தவரை பேர் தோற்றது என்றே முடிவுகட்ட வேண்டும்.

ஆனால் மீசையில் பேர் ஜெயிக்கிறது. கருப்பசாமி காவல் தெய்வம். அரிவாளும் முறுக்கு மீசையுமாக ஊரெல்லையில் நிற்பவர். அந்தப் பேரைக் கொண்டவர் ஏதோ நினைப்பில் ஒரு நாள் மீசையை மழித்துவிட்டு வந்தால், தெருவில் கால் வைத்ததும் விசாரணை தொடங்கும். “ஏப்பா, சாமி பேர வச்சுக்கிட்டு மூஞ்சிய இப்பிடி மொழுமொழுன்னு வச்சிருக்க?” மதினிமார் சிரிப்பார்கள். மாமன் முறைக்காரர் துக்கம் விசாரிக்கிற தோரணையில், “வீட்டுல எல்லாரும் நல்லாத்தான இருக்காக?” என்பார். கொஞ்ச நாளில் மீசை பழையபடி வந்துவிடும். இங்கே மீசையை வளர்த்தது பேர் என்று எழுதலாம். மதினிமார் என்றும் எழுதலாம். இவ்வாய்வு இரண்டாவதை நோக்கிச் சாய்கிறது.

4.3 ஒப்பீட்டுக் குழு: நாய்கள்

மனிதருக்குத் தன் பேரின் அர்த்தம் தெரியும். அதனால் ஆய்வு கெடும். எனவே, பேரின் அர்த்தம் தெரியாத ஒரு குழுவையும் ஆராய்வது முறை. பக்கத்து ராஜபாளையம் இதற்கென்றே ஒரு நாயினத்தை உலகுக்குத் தந்திருக்கிறது. வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுக் கௌரவித்த உருவம். அந்த நாய்க்கு வீடுதோறும் டைகர் என்று பேர் வைத்துக் கூப்பிட்டும் அதன் முதுகில் ஒரு வரி கூட விழவில்லை. மேலும், அதே குரலில் ‘தாசில்தார்’ என்று கூப்பிட்டாலும் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது; கடுமையான குரலில் ‘டைகர்’ என்றால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. நாய்க்குப் பேரைவிடக் குரலே பெரிது. இதை மனிதருக்கும் பொருத்த முடியுமா என்பது ஏழாம் பகுதியில்.

5. குழப்பும் காரணிகள்

முதல் குழப்பம் தாத்தா. இங்கே பேரனுக்குத் தாத்தா பேர். மேலத்தெரு மகாலிங்கத்தின் பேரனும் மகாலிங்கம். அவன் தாத்தாவைப் போலவே இருப்பது பேராலா, ரத்தத்தாலா? எருசலேம் அறிஞர்களுக்கு இந்தத் தலைவலி இவ்வளவு இல்லை. அத்தோடு, மாமனார் பேரை வாயால் சொல்லக் கூடாத மருமகள், பிள்ளையை அந்தப் பேர் சொல்லி எப்படி அதட்டுவாள்? “மகாலிங்கம், சனியனே, இங்க வா” என்று கூப்பிட்டால் திண்ணையிலிருந்து மாமனார் எட்டிப் பார்ப்பார். எனவே வீட்டுக்கு ஒரு பேர் முளைக்கிறது: ராசா, தம்பி, குட்டி, சின்னவன். பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு படிக்கும்போதுதான் தனக்கு மகாலிங்கம் என்றொரு பேர் இருப்பது பலருக்குத் தெரியவரும்.

இரண்டாம் குழப்பம் வயசு. காமராஜ் என்று பேர் கொண்டவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் நரைத்த தலை. ரமேஷ், சுரேஷ் என்றால் தொப்பை தொடங்கிய நடுவயது. பேர் முகத்தைச் செய்கிறது என்று இதைச் சொல்லிவிட முடியாது. அந்தந்தக் காலத்தில் அந்தந்தப் பேருக்கு மவுசு இருந்தது, அவ்வளவே. 2002இல் அமெரிக்க உளவியலாளர்கள் சிலர், டெனிஸ் என்று பேர் வைத்தவர்கள் பல் மருத்துவத்துக்கு அதிகம் போகிறார்கள் என்று எழுதினார்கள்; இரண்டு சொல்லும் இங்கிலீஷில் ஒரே எழுத்தில் தொடங்கும். 2011இல் யூரி சைமன்சோன் என்பவர் கணக்கைத் திருப்பிப் போட்டு, டெனிஸ்கள் வக்கீல்களிலும்தான் அதிகம் என்று காட்டினார். அந்த வயதுக்காரர்களில் டெனிஸ் என்ற பேரே அதிகம்!

மூன்றாம் குழப்பம் ஆதார் அட்டை. பேரும் முகமும் அரசு முத்திரையோடு அக்கம்பக்கமாக அச்சாகும் ஆவணம் என்ற நம்பிக்கையில் அது பரிசீலிக்கப்பட்டது. அதில் சுந்தரம், மாடசாமி, கோதைநாச்சியார் எல்லோரும் ஒரே பேர் கொண்டவர்களாகத் தெரிந்ததால் கைவிடப்பட்டது.

எண்கணிதப்படி இங்கிலீஷில் ஓர் எழுத்தைக் கூட்டினால் முகத்தில் தேஜஸ் கூடும் என்ற கொள்கையும் நம் மாநிலத்தில் செல்வாக்கோடு இருக்கிறது. அந்த எழுத்தை இங்கே யாரும் வாய்விட்டு உச்சரிப்பதில்லை ஆதலால் இவ்வாய்வின் எல்லைக்குள் அது வரவில்லை.

6. இடுகுறி காரணமாதல்

தரவுகளை விளக்க எருசலேம் ஒரு கொள்கை வைத்திருக்கிறது: ஊருக்கு ஒவ்வொரு பேரைப் பற்றியும் ஓர் எதிர்பார்ப்பு உண்டு, ஆள் அந்த எதிர்பார்ப்புக்குத் தக்கபடி தன்னை வளைத்துக்கொள்கிறார். இதைச் சொல்ல 2017 வரை காத்திருக்க வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பிரித்துவைத்ததை எட்டாம் வகுப்பிலேயே அடிவாங்கிப் படித்திருக்கிறோம். காரணமில்லாமல் இட்டது இடுகுறி. காரணத்தோடு வந்தது காரணப்பெயர். ராஜபாளையத்து மாங்காயின் தட்டை உருவத்தைப் பார்த்த பிறகே அதற்குச் சப்பட்டை என்று பேர் வைத்தார்கள், அது நியாயம். பிள்ளைக்கோ மூக்கு எந்தப் பக்கம் வளரப்போகிறது என்று தெரியாதபோதே சுந்தரம் என்று பேர் விழுந்துவிடுகிறது. அந்த இடுகுறியை எப்படியாவது காரணப்பெயர் ஆக்கிக் காட்ட மனிதன் ஆயுள் முழுக்கப் படுகிற பாட்டுக்குத்தான் முகம் என்று பேர். இதுவே இவ்வாய்வின் மையத் தேற்றம்.

தேற்றத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அசைக்க முடியாத சான்று இருக்கிறது. துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த பெண்ணுக்குப் பெரியாழ்வார் கோதை என்று பேர் வைத்தார். கோதை என்றால் மாலை. அந்தப் பெண் வளர்ந்து என்ன செய்தாள்? பெருமாளுக்குக் கட்டிவைத்த மாலையைத் தான் சூடிக்கொண்டு, அழகு பொருந்துகிறதா என்று கிணற்றில் எட்டிப் பார்த்தாள். கோயிலில் இன்றைக்கும் கண்ணாடிக் கிணறு என்று அதைக் காட்டுகிறார்கள். மாலை என்று பேர் வைத்துவிட்டு, மாலையைச் சூடாதே என்றால் எப்படி? பேருக்கும் தன்னுருவுக்கும் இடையிலான உறவு பற்றி உலகில் நடந்த முதல் கண்ணாடிச் சோதனை இதுவாகத்தான் இருக்க வேண்டும். தந்தை முதலில் கோபித்தாலும், சூடிய மாலையே வேண்டும் என்று பெருமாள் கேட்டதாக வரலாறு. கூப்பிட வேண்டியவர் கூப்பிட்டுவிட்டார். கோதை ஆண்டாள் ஆனாள்.

ஆனால் வத்திராயிருப்புக்குப் பக்கத்திலேயே, அர்ச்சுனாபுரத்தில், தேற்றத்தைத் தடுமாற வைக்கும் இன்னொரு கிணறு இருக்கிறது. நல்லதங்காள் கோயில் உள்ள ஊர் அது. பேரிலேயே ‘நல்ல’ இருந்தது. அண்ணன் பேர் நல்லதம்பி, அதிலும் இருந்தது. பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு மானாமதுரையிலிருந்து பிறந்த வீடு தேடி வந்தவளுக்கு அண்ணன் மனைவி கதவைச் சாத்தினாள். பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்தாள் என்பது கதை. கதவைச் சாத்தியவள் பேர் மூளியலங்காரி. நாடக மேடைகளில் அவளுக்கு எப்படி ஒப்பனை போடுவது என்று எந்த வாத்தியாரும் யோசித்ததில்லை; பேரே சொல்லிவிடும். அப்படி ஒரு பேரைச் சுமந்தவளிடம் நல்ல முகத்தை ஊரும் கதையும் எதிர்பார்த்ததுண்டா? பசித்து வந்தவளை ‘நல்ல’ என்ற அடை காப்பாற்றவில்லை. வாசலில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாததே கதையின் திருப்பம் என்று இவ்வாய்வாளர் கருதுகிறார்.

7. கூப்பிடும் வாய்

இனி முக்கியமான தரவு. கண்மாய்க்கரையில் நூறு நாள் வேலை. இந்தத் திட்டத்தின் சட்டம் வந்தது 2005இல். 2009இல் மகாத்மா காந்தி பேரும் சேர்ந்தது. சட்டப்படியான முழுப்பேரை மூச்சுவிடாமல் சொல்லக்கூடியவர் ஒருவரும் கரையில் இல்லை. பொறுப்பாளரான இளம்பெண் செல்போனைப் பிடித்துக்கொண்டு வருகையெடுத்தார்.

“சுந்தரமகாலிங்கம்.”

பதில் இல்லை.

“சுந்தரமகாலிங்கம் ஐயா வந்திருக்காரா இல்லையா?”

மண்வெட்டிக் காம்பில் சாய்ந்து ஒரு காலில் நின்றுகொண்டிருந்த நெட்டையான ஒருவரும், யாரது சுந்தரமகாலிங்கம் என்று மற்றவர்களோடு சேர்ந்து சுற்றுமுற்றும் தேடினார். கூடையோடு நின்ற ஒரு பாட்டிக்குத்தான் பொறி தட்டியது.

“ஏப்பா கொக்கு, ஒன்னத்தானய்யா அந்தப் பிள்ள கூப்புடுது!”

“இந்தா இருக்கேன் தாயி!” கழுத்து ஒரு முழம் நீண்டது, முகத்தில் வெளிச்சம் வந்தது, போட்டோ எடுக்கப்பட்டது.

சுந்தரமகாலிங்கம் என்ற இடுகுறி அவரிடம் வேலை செய்யவில்லை. கொக்கு என்ற காரணப்பெயரோ கழுத்து முதல் கால் வரை வேலை செய்திருக்கிறது. கழுத்து நீளமாக இருந்ததால் கொக்கு என்றார்களா, கொக்கு என்றதால் நீண்டதா என்று கேட்டதற்குப் பாட்டியின் பதில்: “சின்னப் பிள்ளையில இம்புட்டு நீளமில்ல. பேரு வச்ச பெறகுதான் இழுத்துருச்சு.” எருசலேம் ஏழாண்டு இடைவெளியில் இரண்டு கட்டுரை எழுதிக் கண்ட முடிவைப் பாட்டி கூடையை இறக்காமலே சொல்லிவிட்டார்.

பொதுவாழ்விலும் சான்றுகள் உண்டு. விருதுநகரில் 1903இல் பிறந்த பிள்ளைக்குக் குலதெய்வத்தின் பேரால் காமாட்சி என்று பேர் வைத்தார்கள். தாய் சிவகாமி கூப்பிட்டது ராஜா என்று. வைத்த பேரும் கூப்பிட்ட பேரும் கலந்து காமராஜ் ஆனது. மேடையில் சிவாஜியாக நடித்த கணேசனைப் பெரியார் ‘சிவாஜி’ என்று கூப்பிட்டார். அதன் பிறகு அவர் சாதாரணமாக நடந்து வந்தாலும் பின்னால் குதிரை வருவதாகத் தோன்றியது. அந்த ஒரு கணேசன் சிவாஜி ஆனதால், பின்னால் வந்த ஒரு சிவாஜி ராவ் ரஜினிகாந்த் ஆக வேண்டியிருந்தது. பேரைத் தேர்ந்து கொடுத்தவர் பாலசந்தர். கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்த முகத்தைச் செய்தவர்கள் தியேட்டரில் விசிலடித்தவர்கள்.

ஊருக்கும் இந்த விதி பொருந்தும். வத்திராயிருப்புக்குப் பக்கத்துக் கூமாபட்டி காலங்காலமாக அங்கேயேதான் இருக்கிறது. 2025இல் ஒரு ரீல்ஸ் வீடியோவில் அதன் பேரைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழைத்ததும் வெளியூர்க் கார்கள் வரிசைகட்டின. கண்மாய் அதே கண்மாய். தென்னை அதே தென்னை. நாலு பேர் வாயில் பேர் விழுந்ததும் ஊருக்குப் புது முகம் வந்துவிட்டது. உள்ளூர்க்காரர்களே வண்டியை நிறுத்தி, அப்படி என்ன இருக்கிறது என்று தங்கள் கண்மாயை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்கள்.

8. எதிர்ச்சான்று

எந்த நல்ல ஆய்விலும் தன் தேற்றத்தை மிரட்டும் ஒருவர் இருக்க வேண்டும். இவ்வாய்வில் அவர் வத்திராயிருப்பிலேயே பிறந்திருக்கிறார். 1898 டிசம்பர் 4. கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். கரியமாணிக்கம் என்றாலும் கறுப்பு. கிருஷ்ணன் என்றாலும் கறுப்பு. இருட்டை இரட்டிப்பாகச் சுமந்த அந்தப் பேர்க்காரர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்துவிட்டுக் கல்கத்தாவுக்குப் போய் ஆராய்ந்தது ஒளியை. கூட இருந்தவர் இன்னொரு கார்வண்ணன் பேர்க்காரர், சி.வி.ராமன். ஒரு பொருளுக்குள் புகுந்து சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வெளியே வருகிறது என்று 1928 பிப்ரவரியில் கண்டார்கள். ‘நேச்சர்’ இதழுக்குப் போன முதல் குறிப்பில் இருவர் பேரும் இருந்தது. கண்டுபிடிப்புக்கு வைத்த பேரில் ஒருவர் பேர்தான் நின்றது: ராமன் விளைவு. 1930இல் நோபல் பரிசும் அந்த ஒரு பேருக்கே.

பேரில்தான் எல்லாம் இருக்கிறது என்றால் கிருஷ்ணன் அத்தோடு மங்கியிருக்க வேண்டும். மங்கவில்லை. 1940இல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர். சுதந்திர இந்தியாவின் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநர். 1958இல் முதல் பட்நாகர் பரிசு. ஆயினும் ஆண்டுதோறும் பிப்ரவரி 28இல் தேசிய அறிவியல் தினம் கொண்டாடும் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வரைவது ஒரே தலைப்பாகையைத்தான். வாயில் வராத பேருக்குச் சுவரில் முகமில்லை. எதிர்ச்சான்றாகத் தொடங்கியவரும் கடைசியில் தேற்றத்துக்கே சாட்சி சொல்லிவிட்டார்.

9. முடிவும் பரிந்துரைகளும்

கருதுகோள் ஒன்று தள்ளுபடி செய்யப்படுகிறது, சுந்தரங்கள் மன்னிக்க. கருதுகோள் இரண்டு, மனைவிமார் சாட்சியத்தின்பேரில் ஏற்கப்படுகிறது. கருதுகோள் மூன்று ஒரு திருத்தத்தோடு ஏற்கப்படுகிறது: ஒருவர் தன்னைப் பற்றி நினைத்துக்கொள்வது, மற்றவர்கள் அவரைக் கூப்பிடும் விதத்தை ஒட்டியே அமைகிறது. ரேஷன் கார்டில் உள்ள பேருக்கு அரிசி வரும்; முகம் வருவது வாயில் உள்ள பேருக்கு.

இதிலிருந்து எழும் பரிந்துரைகள் இரண்டு. ஒன்று, பட்டப்பேர் வைப்போருக்கு. கொக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. அந்தப் பேரில் அவருக்கு ஒரு செல்லம் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைக் கருவாயா என்றும் ஒரு பெண்ணைக் குண்டம்மா என்றும் கூப்பிடும்போது, அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் எந்தக் கண்ணாடியில் எதைப் பார்க்கும் என்று ஒரு கணம் யோசிக்கலாம்.

இரண்டாவது, பேர் வைப்போருக்கு. முதல் பிள்ளைகள் தங்காத வீடுகளில் குப்பை, பிச்சை என்று பேர் வைத்தார்கள். எமன் ஏமாந்து திரும்புவான் என்ற ஆசையில் வைத்த பேர்கள் அவை. அவற்றுக்குள் பிள்ளை வேண்டும் என்ற தவிப்பு இருந்தது. போதும்பொண்ணு, வேண்டாம் என்ற பேர்களில் அது இல்லை. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று, பிறந்து கிடக்கும் பெண்ணின் தலையில் எழுதிய விண்ணப்பம் அது. நம் தென்மாவட்டங்களில் இப்பேர் கொண்ட பெண்கள் பேத்தி எடுத்த வயதிலும் இருக்கிறார்கள், பள்ளிக்கூட வயதிலும் இருக்கிறார்கள். காலை வருகைப்பதிவில் ‘வேண்டாம்’ என்று டீச்சர் படிக்க, ‘உள்ளேன் டீச்சர்’ என்று எழுந்து நிற்க வேண்டியது அந்தப் பிள்ளை. அந்த முகத்தில் நாளடைவில் என்ன படியும் என்று அறிய எருசலேம் வரை போக வேண்டியதில்லை.

எனவே, வீட்டிலோ தெருவிலோ வகுப்பிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அது விரும்புகிற வேறொரு பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இன்றிலிருந்து அந்தப் பேரில் கூப்பிடுங்கள். கெஜட்டில் பேர் மாற்ற விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு எல்லாம் உண்டு. வாயில் மாற்ற ஒன்றும் வேண்டியதில்லை.